கழுத்தளவுக்குக் கொஞ்சம் கூடுதல்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கூட வேலை செய்கிற டைல்ஸ்காரருடையது. நான் சுவர் பூசுகிறவன். நான் பூசி முடித்த அறைக்குள் அவர் தரை போட வருவார். ஒரு நாள் மதியம், சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, என் பொண்டாட்டி கழுத்துல நான் நீலக் கோடு போட்டுட்டேண்ணே."

சொன்னவருக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய மிச்சத்தையும் சொன்னார். அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. தோள்பட்டை வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்க வேண்டிய நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. அதனால் ஒரு வரி எழுதினால் சுவரைத் தடவுவது போலத் தடவிப் பார்ப்பேன், எங்கேயாவது மேடு தட்டுகிறதா என்று.

எங்கே தொடங்குவது? எழுதிப் பார்த்தவை இவை:

"தங்கம் என்பது மனிதனுக்கு…" [விட்டுவிட்டேன். தங்கத்தைப் பற்றி நான் என்னத்தைக் கண்டேன்?]

"அவள் கண்ணாடி முன்னால் நின்றாள்…" [இதுவும் வேண்டாம். கதை என்றாலே பெண்களைக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். இந்தப் பெண் கண்ணாடிப் பக்கமே போவதில்லை.]

"மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் அவள் போனை எடுப்பாள்."

தடவிப் பார்த்தேன். இது நிற்கிறது.

2

மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் அவள் போனை எடுப்பாள். முகம் தெரிகிற அழைப்பு என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், காலரைத் தூக்கி விட்டுக்கொள்வாள். அவள் வேலையும் காலர்தான். சட்டை தைக்கிற ஒரு பட்டறையில் காலர் பிரிவு. அங்கே எல்லோரும் அவளைக் காலர்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"என்னக்கா, போலீஸ்காரி மாதிரி கழுத்து வரைக்கும் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்க? அங்க வெயிலே இல்லையா?" தங்கை கேட்பாள். தங்கை வெளிநாட்டில் நர்ஸ்.

"நானே தச்ச காலர்டி. நாலு பேர் பார்க்கட்டுமேன்னுதான்."

"உன் மூஞ்சியவே காணோம், காலர்தான் தெரியுது."

காலரின் கீழே ஒரு தழும்பு இருந்தது. தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, குறுக்காக, ஒரு விரல் நீளம். உள்ளே ஒரு கட்டி வளர்ந்து, அதை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. பிழைத்தாள், தேறினாள், பழையபடி வேலைக்கும் போகிறாள். தங்கைக்கு மட்டும் சொல்லவில்லை.

இதில் என்ன இருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இந்த இரண்டு பெண்களின் அப்பா நோயில் கிடந்தபோது, பெரியவர்கள் இவர்களிடம் சொல்லாமல் மூடி வைத்தார்கள். விஷயம் தெரிந்து இரண்டு பேரும் ஓடிப்போய் நின்றபோது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் அக்காதான் தங்கையின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "இனிமே நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மொதல் போன் இன்னொருத்திக்குத்தான். மறைச்சா, அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்ல."

தங்கை அந்தச் சத்தியத்தை ஒழுங்காகக் காப்பாற்றினாள். சளி பிடித்தாலும் அழைப்பாள். சத்தியம் வாங்கியவள்தான் உடைத்தாள்.

இப்போது தங்கை விடுப்பில் வருகிறாள். அக்காவின் அறையிலேயே படுப்பாள். பட்டனைப் போட்டுக்கொண்டு போன் பேசலாம். போட்டுக்கொண்டே தூங்க முடியுமா?

3

[இங்கே நான் டைல்ஸ்காரரைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். இவ்வளவு நல்ல மனுஷன் கதையில் எடுபடுவானா? ஒரு கெட்ட பழக்கமாவது கொடுக்கலாம் என்று "அவர் குடிப்பார்" என்று எழுதினேன். எழுதிய மறுநாள் என் பூச்சில் நுனி உடைந்த ஒரு மூலையைக் கேட்காமலேயே அவர் சரிசெய்து வைத்திருந்தார். அடித்துவிட்டேன். அவர் குடிக்க மாட்டார்.]

யோசனை அவருடையது. கழுத்தோடு ஒட்டி உட்காருகிற மாதிரி, பட்டையான கண்ணிகள் வைத்த ஒரு சங்கிலி வாங்கிவிட்டால் தழும்பு அதன் அடியில் போய்விடும். தூங்கும்போதும் போட்டுக்கொள்ளலாம். சொல்லாமல் வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு அளவு வேண்டுமே!

அவரிடம் அளக்கிற சாமான் என்று இருந்தது ஒன்றுதான். தரையில் கோடு போடுகிற நூல் டப்பா. உள்ளே நீலப்பொடி இருக்கும். நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் தரையில் நீலமாய் நேர்கோடு விழும். ஒரு நாள் காலையில் குளித்து வேலைக்குக் கிளம்பியவள், இன்னும் நேரம் இருக்கிறதே என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். தூக்கத்தில் பட்டன் கழன்றிருந்தது. பூனை மாதிரி போய், நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பொடியைப் பற்றி யோசிக்கவே இல்லை. தினமும் அதிலேயே புழங்குகிறவருக்கு அது கண்ணில் படுமா?

அன்றைக்கே பட்டறையில் முகம் கழுவப் போனவள், புழுக்கம் தாங்காமல் பட்டனைக் கழற்றினாள். குழாய்க்கு மேலே இருந்த கண்ணாடியில் கண் தவறிப் பட்டது. கழுத்தைச் சுற்றி நீலமாய் ஒரு கோடு ஓடியது. தழும்பின் மேலேயே ஓடியது.

உள்ளே என்னவோ ஆகிவிட்டது, நரம்பு நீலம் பாய்ந்துவிட்டது என்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் ஓடினாள். மருத்துவர் விளக்கை வைத்துப் பார்த்தார். பஞ்சை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு நீலமாயிற்று, கழுத்து பழையபடி ஆயிற்று.

"ஏம்மா, உங்க வீட்ல யாராவது கட்டட வேலை பாக்கறாங்களா?"

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை டைல்ஸ்காரர் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. "அந்த டப்பாவ எடுத்து என் மேலயே எறிஞ்சாண்ணே. சட்டையெல்லாம் நீலம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சொல்லும்போது முகத்தில் என்ன பெருமை!

4

ரகசியம் உடைந்துவிட்டதால் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். (எப்படி வாங்கினார்கள், எதைச் சேர்த்து எதை விற்றார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். வாங்கினார்கள்.)

கடைப்பெண் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப எல்லாரும் கேக்கறது இந்த ஜியோமெட்ரிக் டிசைன்தான்." வட்டம், சதுரம், முக்கோணம், அறுகோணம். பள்ளிக்கூடத்துப் பலகையில் கிடந்ததெல்லாம் தங்கமாகி வெல்வெட்டில் படுத்திருந்தன. காலர்காரி முக்கோணத்தைத் தொட்டாள்.

"அது வேணாம்மா," என்றார் அவர். "கூரா இருக்கு. ஒவ்வொண்ணும் கழுத்துல ஒரு இடத்தக் காட்டிக்கிட்டே இருக்கும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எந்த இடம் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சதுரத்தை எடுத்தார்கள். "சதுரம் திரும்பிக்கும். பக்கவாட்டுல நிக்கும்," என்றாள் கடைப்பெண். கடைசியில் அறுகோணம். தட்டையான ஆறு மூலைக் கண்ணிகள், ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் குட்டையாய் ஒரு குறுக்குத் துண்டு. டைல்ஸ்காரர் அதைக் கண்ணாடி மேசையில் நேராகக் கிடத்தினார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, மேசை மட்டத்துக்குப் பார்வையை இறக்கி நீளவாக்கில் பார்த்தார். இடைவெளிகளில் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"ஜாயிண்ட் எல்லாம் ஒரே மாதிரி விழுந்திருக்கு," என்றார்.

"சார், இது தரையில ஒட்டறது இல்ல, கழுத்துல தொங்கறது," என்றாள் கடைப்பெண். பிறகு காலர்காரியைப் பார்த்து, "வச்சுப் பாருங்கம்மா. மேல் பட்டன மட்டும் கழட்டுங்க."

"வேணாம்மா."

"வச்சுப் பாக்காம எப்படிம்மா?"

"அளவு இருக்கு," என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து அந்த நீல நூல் வந்தது. கடைப்பெண் வாங்கிப் பார்த்தாள். விரலெல்லாம் நீலம். காகிதத்தில் துடைத்துக்கொண்டாள். எத்தனை புருஷன் பொண்டாட்டிகளைப் பார்த்திருப்பாள்!

இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. நூலைச் சங்கிலியின் பக்கத்தில் வைத்தார்கள். சரியாக அந்த அளவுக்கு எடுத்திருந்தால் கதையே இல்லை. டைல்ஸ்காரர், "ஒரு ரெண்டு கண்ணி கூட இருக்கட்டும். கூடினா வெட்டிக்கலாம், குறைஞ்சா என்ன பண்றது?" என்றார். தரைக்குக் கல் வாங்கும்போது அப்படித்தான் வாங்குவார். காலர்காரியோ, காலருக்கு அளவெடுக்கும்போது கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் விடுகிறவள். இல்லாவிட்டால் மூச்சு முட்டும். "ரெண்டு விரல் அளவும் சேர்த்துக்குங்க," என்றாள்.

இரண்டு பேரும் அவரவர் தொழிலைச் சரியாகத்தான் செய்தார்கள்.

கடைப்பெண் பெட்டியில் போடும்போது யோசனை சொன்னாள். "இதுக்கு மூடின கழுத்து எடுபடாதும்மா. வட்டக் கழுத்து போடுங்க. சட்டைன்னா மேல ரெண்டு பட்டன் திறந்து விடுங்க, கண்ணி எல்லாம் தோல் மேல படுக்கணும். கூட வேற சங்கிலி வேணாம், ரெண்டும் சண்டை போடும். காதுல ஒரு பொட்டு மாதிரி போதும். கழுத்து நல்லா தெரியணும், அப்பத்தான் இது அழகு."

"தெரியணுமா?" என்றாள் காலர்காரி.

"தெரியாம எதுக்கும்மா இத வாங்கறீங்க?"

5

வீட்டில், கதவைச் சாத்திவிட்டு, பட்டனைக் கழற்றிப் போட்டுப் பார்த்தாள்.

சங்கிலி தழும்பின் மேல் உட்காரவில்லை. தழும்பைத் தாண்டி இறங்கி, அதன் கீழே, அதே வளைவில், அழகாகப் படுத்துக்கொண்டது. வாத்தியார் முக்கியமான வரிக்குக் கீழே கோடு போடுவாரே, அந்த மாதிரி. பார்க்காதவன் கண்ணும் அங்கேதான் போகும்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் செய்வதறியாது

[இந்த வாக்கியத்தை இப்படியே விட்டிருக்கிறேன். காரணம் அடுத்ததில்.]

6

இதுவரை எழுதியதை டைல்ஸ்காரர் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மதியம் ஒரு பெண் வேலை நடக்கிற இடத்துக்கு வந்தாள். கழுத்து வரை பட்டன். கையில் என் காகிதங்கள்.

"நீங்கதான் எழுதறவராண்ணே?"

பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் அழுதேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. அந்த இடத்துல அழுதிருப்பீங்கன்னு…"

"நான் சிரிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேன். ரெண்டு பேரும் ஆளுக்கு ஆள் கூட்டிக் கூட்டிச் சொல்லி, கடைசியில பாருங்கன்னு. இந்த மனுஷன்தான் அழற மாதிரி நின்னாரு. திருத்துங்க."

திருத்துகிறேன்: அவள் சிரித்தாள். அவர் அழுகிற மாதிரி நின்றார்.

"அப்புறம், தங்கச்சிக்குப் பயந்து மறைச்சேன்னு நினைக்கற மாதிரி எழுதியிருக்கீங்க. அவளுக்குத் தலை சீவி வளத்தவ நான். அவளுக்குப் போய்ப் பயப்படுவேனா?"

"அப்போ எதுக்கும்மா மறைச்சீங்க? வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான்னா?"

அவள் நான் பூசியிருந்த சுவரைப் பார்த்தாள். ஈரம் காயாத சுவர்.

"ஓடி வந்துடுவாதான். அவ வந்து பக்கத்துல உக்காந்தா எனக்குத் தைரியம் போயிடும்ணே. அவ இல்லாததாலதான் தைரியமா இருக்கற மாதிரி இருக்க முடிஞ்சுது. இத அவகிட்ட எப்படிச் சொல்றது? 'நீ வந்தா நான் அழுதுடுவேன், அதான் கூப்பிடல'ன்னு சொன்னா யாராவது ஒத்துக்குவாங்களா?"

கடையில் கொடுத்துக் கூடுதல் கண்ணிகளைக் கழற்றச் சொல்லலாமே என்றேன். கடையின் நகை ஆசாரி ஊரில் இல்லையாம். தங்கை நாளைக் காலை வருகிறாள்.

"கதையில வேணா குறைச்சுடட்டுமா?" என்றேன். உண்மையாகவே கேட்டேன்.

"கதையில குறைச்சா என் கழுத்துல ஏறிடுமா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பட்டறையில் எல்லோரும் அவளைச் சுற்றிச் சுற்றி வருவார்கள் என்று டைல்ஸ்காரர் சொல்லியிருந்தார், ஏன் என்று அப்போது தெரிந்தது.

அவள் போன பிறகு குறைத்தும் பார்த்தேன். "ஆசாரி ஊருக்குப் போகவில்லை. கண்ணிகளைக் கழற்றினார். சங்கிலி தழும்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. தங்கை வந்தாள், பார்த்தாள், நல்ல டிசைன் என்றாள்." நான்கு வாக்கியம். ஒரு மேடு பள்ளம் இல்லை. ஆனால் இதற்கப்புறம் அந்தப் பெண் விடுப்பு முழுக்கத் தொண்டையில் கையை வைத்துக்கொண்டே தூங்குவாள். தங்கை ஊர் திரும்பி, "நல்லா இருக்கியாக்கா" என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பொய் ஒரு கண்ணி நீளும். என்னால் அவளை அங்கே விட்டுவிட்டுப் பேனாவை மூட முடியவில்லை. அடித்துவிட்டேன்.

7

தங்கை வந்தாள். இதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்பதால், வாசல் வரைக்கும் நடந்ததை மட்டும், டைல்ஸ்காரர் சொன்னபடி எழுதுகிறேன்.

காலர்காரி காலையில் எழுந்து இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தாள். சங்கிலியைப் பின்னங்கழுத்தில் மடித்து ஊக்குக் குத்தினாள். முன்னால் ஏறியது, ஆனால் கண்ணிகள் எல்லாம் பக்கவாட்டில் எழுந்து நின்றன. ஊக்கை எடுத்தாள். பட்டனைப் போட்டுக் காலருக்கு மேலே தொங்கவிட்டாள்.

"பள்ளிக்கூடத்து மெடல் மாதிரி இருக்கு," என்றார் அவர்.

"வாய மூடுங்க. எல்லாம் உங்க நூலால வந்தது."

"நீயும்தான் ரெண்டு விரல் சேர்த்த."

கதவு தட்டப்பட்டது. அவள் கை மறுபடியும் பட்டனுக்குப் போயிற்று. போட்டாளா கழற்றினாளா என்று அவர் பார்க்கவில்லை. கதவைத் திறக்கப் போய்விட்டார். தங்கை பெட்டியோடு உள்ளே வந்தாள். "மாமா, எப்படி இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டே அவரைத் தாண்டிப் பார்த்தாள். பெட்டியின் பிடியை விட்டாள். பெட்டி சாய்ந்து விழுந்தது.

"மாமா, கொஞ்ச நேரம் வெளிய இருங்க," என்றாள்.

அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். உள்ளே என்னவோ ஒன்று டம்மென்று மேசையில் வைக்கப்பட்டது. பிறகு தங்கையின் குரல் உயர்ந்தது, "சத்தியம்" என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் திறந்தது. அது ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே. சிரிப்பா அழுகையான்னு தெரியல."

"யாரோடது?"

"அதுவும் தெரியல. கதவுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேருக்கும் ஒரே குரல்."

8

முடிவுகள் என்று சில எழுதினேன். தங்கை மன்னித்தாள் என்று ஒன்று. மன்னிப்பு என்று எழுதினால் அக்கா குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி தெரிகிறது. தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள் என்று ஒன்று. பாதியிலேயே அடித்துவிட்டேன். தங்கையும் அங்கே ஒன்றை மறைத்திருந்தாள் என்று ஒன்று. அது எனக்கே கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. கெட்டிக்காரத்தனம் நல்ல பூச்சு மாதிரி, உள்ளே இருக்கிற செங்கல்லை மறைத்துவிடும்.

பிறகு நானே பார்த்தேன். தங்கை ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு மதியம் இரண்டு பேரும் டைல்ஸ்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தங்கை வட்டக் கழுத்துச் சட்டை போட்டிருந்தாள். அந்தச் சங்கிலி அவள் கழுத்தில் கிடந்தது. அவளுக்கும் அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஒரு கண்ணிகூடத் திரும்பவில்லை, எல்லாம் தோலோடு படிந்து கிடந்தன. கடைப்பெண் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாள். அக்காவின் கழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பட்டன் திறந்திருந்தது. தழும்பு வெயிலில் வெளிறிப்போய், வெறும் தழும்பாக இருந்தது. இரண்டு பேரும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். குழம்பில் உப்புப் போட்டது யார் என்று.

அக்கா கொடுத்தாளா? தங்கை "இது உனக்கு எதுக்கு" என்று பிடுங்கிக்கொண்டாளா? சத்தியத்தை உடைத்ததற்கு அபராதமா? இல்லை, ஆசாரி திரும்பி வந்துவிட்டார், போகிற வழியில் குறைத்து வாங்கத்தான் மாட்டிக்கொண்டு போகிறாளா? தனியாக இருந்த சமயம் பார்த்துக் காலர்காரியிடம் கேட்டேன்.

"அத எழுத வேணாம்ணே," என்றாள். கோபம் இல்லை. "அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

"கதைக்கு முடிவு வேணுமேம்மா."

"படிக்கறவங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்க மாட்டாங்களா?"

அவ்வளவுதான். அவள் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் சாந்து காய்ந்துகொண்டிருந்தது, நானும் எழுந்துவிட்டேன்.

ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு. குழாய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். யூகித்துக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. எங்கேயோ தூரத்தில் இருக்கிற உங்கள் ஆளுக்குப் போன் போடுங்கள். நல்லா இருக்கியா என்று கேளுங்கள். நல்லா இருக்கேன் என்று சட்டென்று பதில் வரும். வைத்துவிடாமல், இன்னொரு தரம் கேட்டுவிட்டு, கொஞ்சம் சும்மா இருங்கள்.